கேபிள் தொலைக்காட்சியும் இணையத் திரையும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதன என்பர். இக்காலத்து மதுரையில் எவ்வீட்டினுள் நுழையினும் நான்காவதாக ஒன்று கூடத்துச் சுவரில் வீற்றிருக்கக் காண்கிறோம். அதுவே தொலைக்காட்சிப் பெட்டி. அப்பெட்டிக்குக் காட்சிகளைக் கொணர்வது தெருக் கம்பத்தினின்று மாடிவழியே இறங்கிவரும் கறுப்புக் கம்பியே என்று சென்ற முப்பது ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் இப்போது தளர்ந்து வருகின்றது. கேபிளை நிறுத்திவிட்டு, இணையத்தின் வழியே வேண்டிய படத்தை வேண்டிய வேளையில் பார்க்கும் குடும்பங்கள் நம் நகரில் மட்டுமன்றி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்களிலும் பெருகிவருகின்றன. இம்மாற்றம் யாது, எங்ஙனம் நிகழ்கின்றது, அதனால் ஒரு குடும்பம் பெறுவதும் இழப்பதும் எவை என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. அந்நாளில் மதுரையில் பெட்டி வைத்திருந்தோர், பின்னர்க் கொடைக்கானல் மலைமேல் நிறுவப்பட்ட ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கி மாடியில் ஆன்டெனா நட்டு, ஒருவர் மேலே நின்று திருப்ப, மற்றொருவர் கீழே நின்று "வந்தது, வந்தது, போய்விட்டது" என்று கூவக் காட்சி கண்டனர் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1990-க்குப் பின்னர் விண்கோள் வழியே தனியார் ஒளிபரப்புகள் வரலாயின. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. விண்கோளினின்று வரும் அலையைப் பிடிக்கப் பெரிய டிஷ் வேண்டும். அதனை ஒவ்வொரு வீட்டாரும் வாங்குதல் இயலாது. ஆகவே, முயற்சியுடைய இளைஞர் ஒருவர் தம் மாடியில் டிஷ் வைத்து, அங்கிருந்து தெருவெங்கும் கம்பி இழுத்து, மாதந்தோறும் வீட்டுக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டார். இவரே கேபிள்காரர். இத்தொழில் பெருகவே, 1995-இல் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அதன்படி இவர் தலைமை அஞ்சலகத்தில் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கேபிள் இயங்கும் முறையை மதுரைச் சமவெளியில் வாழும் நமக்கு விளக்குதல் எளிது. பெரியாற்றுக் கால்வாயை நினைத்துக்கொண்டாற் போதும். அணையில் நீர் திறந்தால், அது பேரணையில் பிரிந்து, பெருங்கால் வழியே ஓடிக் கிளைக்காலில் இறங்கி, வயல்தோறும் பாய்கின்றது. கேபிளிலும் அவ்வாறே. கேபிள்காரர் 'கண்ட்ரோல் ரூம்' என்று சொல்லும் தலைநிலையமே அணை. அங்கே பல டிஷ்கள் பல விண்கோள்களினின்று சேனல்களைப் பெறுகின்றன. அவை வெவ்வேறு அலைவரிசைகளில் ஏற்றப்பட்டு ஒரே கம்பியில் ஒன்றாகச் செலுத்தப்படுகின்றன. ஒளியிழைக் கம்பி பெருங்கால். தெருவிற் பிரியும் செப்புக் கம்பி கிளைக்கால். கம்பியில் தொலைவு செல்லச் செல்ல அலை மெலியுமாதலின், இடையிடையே அதனை வலுப்படுத்தும் பெட்டிகள் கம்பங்களில் மாட்டப்பட்டுள்ளன. அப்படியிருந்தும், முற்காலத்தில் தெருவின் கடைசி வீட்டிற்குப் புள்ளியும் கோடுமாகவே படம் சென்று சேர்ந்தது. கால்வாய்க்குக் கடைமடை உண்டெனில் கேபிளுக்கும் கடைமடை உண்டு.

இங்கு ஒன்று கருதத்தக்கது. கேபிளில் எல்லாச் சேனல்களும் எல்லார் வீட்டு வாயிலிலும் எப்போதும் வந்து நிற்கின்றன. நாம் ரிமோட்டில் எண்ணை அழுத்தும்போது எதனையும் வரவழைப்பதில்லை. வந்து நிற்பனவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம், அவ்வளவே. ஆயிரம் வீட்டார் ஒரே நாடகத்தைப் பார்ப்பினும், ஒரு வீட்டார் மட்டும் பார்ப்பினும், கம்பிக்குச் சுமை ஒன்றே. எனவேதான் அது மலிவாக அமைந்தது.

அம்மலிவைத் தமிழ்நாட்டு அரசும் தன் கையால் தாங்கிற்று. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் 1.5 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் குடும்பங்களுக்கு வழங்கப்பெற்றன. 2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 2 முதல் அது மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்களை வழங்கலாயிற்று. நாடெங்கும் கேபிள் எண்முறைக்கு மாறவேண்டும் என்று விதி வந்தபோது, 2017 செப்டம்பர் 1 அன்று செட்டாப் பாக்ஸ்களையும் விலையின்றி வழங்கத் தொடங்கியது. வயல் வேலை முடித்து வீடு திரும்பும் கூலியாளரின் ஓட்டு வீட்டிலும் மாலையில் திரை ஒளிர்ந்ததற்கு இவையே காரணம்.

இனி இணையத் திரைக்கு வருவோம். மக்கள் இதனை 'ஓடிடி' என்று வழங்குகின்றனர். ஹாட்ஸ்டார் 2015-லும், நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ ஆகியவை 2016-லும், சன் நெக்ஸ்ட் 2017-லும் இந்தியாவில் தொடங்கின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைப்பேசி இணையத்தின் விலையைக் குப்புறத் தள்ளியது. அதன்பின் படம் பார்ப்பதற்கு இணையத்தைச் செலவிடுதல் செல்வர்க்கு மட்டும் உரியதாக இல்லாமற் போயிற்று. 2020-இல் கொரோனா நோயால் திரையரங்குகள் அடைபட்டபோது, 'பொன்மகள் வந்தாள்' மே 29 அன்றும், 'சூரரைப் போற்று' நவம்பர் 12 அன்றும் அரங்கு காணாமலே வீட்டுத் திரைக்கு நேரே வந்தன. அவ்வாண்டில்தான் நம் ஊரில் பலர் 'ஓடிடி' என்னும் சொல்லைக் கற்றனர்.

கேபிள் கால்வாய் நீர் என்றோமாயின், இணையத் திரை மோட்டார் பூட்டிய கிணற்று நீராகும். கால்வாயில் நீர் வரும்போதுதான் பாய்ச்சலாம். கிணற்றில் வேண்டும்போது இறைக்கலாம். ஆனால் தோண்டும் செலவும், மோட்டாரும், மின்சாரமும், இறைக்கத் தெரிந்த கையும் வேண்டும். இணையத்தில் ஒரு படத்தை நாம் தொட்டவுடன், அப்படத்தை வைத்திருக்கும் கணினி நமக்கென்றே தனியாக அதனை அனுப்புகின்றது. முழுப்படமும் ஒருங்கே வருவதில்லை. சில நொடி அளவினவாகிய சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றது. ஒவ்வொரு துண்டும் தெளிவு மிக்கது, நடுத்தரமானது, குறைந்தது எனப் பல தரங்களில் ஆயத்தமாக உள்ளது. நம் இணையத்தின் வேகத்தை அளந்து பார்த்து, அதற்கேற்ற தரத்துத் துண்டை நம் கருவி கேட்டுப் பெறுகின்றது. படம் திடீரென மங்கிப் பின் தெளிவதும், நடுவில் வட்டம் சுழன்று நிற்பதும் இதனாலேயே. பலரும் விரும்பும் படங்களின் படிகளை நிறுவனங்கள் நமக்கு அண்மையான நகரங்களிலும் வைத்திருக்கின்றன. இன்றேல் கடல்கடந்து ஒவ்வொன்றும் வரவேண்டியிருக்கும்.

நேரடி ஒளிபரப்பில் இத்துண்டுகள் சேர்ந்து வருவதற்குச் சில நொடிகள் தாழ்க்கும். கிரிக்கெட் நடக்கும் இரவில் இதனைக் கண்கூடாக அறியலாம். கேபிள் வைத்திருக்கும் அண்டைவீட்டார் "சிக்ஸ்!" என்று ஆர்ப்பரித்த பின்னரே எம் வீட்டுத் திரையில் பந்து வீசப்படுகின்றது. நடக்கவிருப்பதை முன்னரே கேட்டுவிட்டுப் பார்க்கும் இவ்விந்தை கேபிள் காலத்தில் இல்லை.

இதற்கு வேண்டிய கருவிகள் எவை? இணையத்தைத் தானே ஏற்கும் ஸ்மார்ட் டிவி ஒன்று. அஃதில்லையேல், பெட்டியின் பின்னுள்ள ஹெச்.டி.எம்.ஐ. துளையிற் செருகும் விரலளவுச் 'ஸ்டிக்' ஒன்று. அரசு வழங்கிய பழைய 14 அங்குலப் பெட்டிகளில் அத்துளை இல்லை. அவற்றுடன் 'ஸ்டிக்'கை இணைக்க இடையே ஒரு மாற்றுக்கருவி வேண்டும். அதன்பின்னும் சிறு எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படா. இனி, இணையத்தின் அளவையும் நோக்கவேண்டும். தெளிவான படத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய 3 ஜி.பி. செலவாகும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தில் ஒரு முழுப்படத்தையும் தெளிவாகக் காண்டல் அரிது. ஆகவே பெரிய திரையில் நாளும் பார்க்க விரும்புவோர்க்கு வீட்டிற்கெனத் தனி இணைய இணைப்பு இன்றியமையாதது.

செலவுக் கணக்கு பலரும் எண்ணுவதுபோல் அவ்வளவு எளிதன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019 பிப்ரவரி முதல் செயற்படுத்திய புதிய முறையில், 100 சேனல்கள் வரை பெறும் இணைப்புக்கு வரி நீங்கலாக 130 ரூபாய் உச்சவரம்பாக இருந்தது; கட்டணச் சேனல்களுக்கு விலை தனித்தனியே. கேபிள் கட்டணம் அவ்வாண்டில் பல வீடுகளில் ஏறிற்று. "இவ்வளவு கொடுத்தும் பார்ப்பது நான்கு சேனல்தானே" என்ற எண்ணம் அப்போது எழுந்தது. அதுவே பலரை இணையத்தின்பால் திருப்பியது. எம் இல்லத்துக் கணக்கையே கூறுகின்றோம். கேபிளுக்கு மாதம் 250 ரூபாய் கொடுத்துவந்தோம். இப்போது இணையத்திற்கு வரியுடன் 470 ரூபாய், இரண்டு தளங்களின் ஆண்டுச் சந்தாவை மாதத்திற்குப் பிரித்தால் 200 ரூபாய், ஆக 670. இணையம் எம் படிப்புக்கும் தந்தையார் அலுவலுக்கும் பயன்படுவதால், அதிற் பாதியைத் திரையின் கணக்கில் சேர்க்காது விடினும், மிச்சம் பிடித்தோம் என்று சொல்வதற்கில்லை. மலிவான திட்டங்களும் உள. ஆனால் அவற்றிற்கு எல்லை உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் தன் கைப்பேசித் திட்டத்தை 199-இலிருந்து 149 ரூபாயாகக் குறைத்தது; ஆயினும் அத்திட்டம் கூடத்துப் பெரிய திரைக்கு உதவாது.

ஆனால் பணக்கணக்கைவிடப் பெரியதொரு கணக்கு உண்டு என்பதனை யாம் அறிந்தது எம் அப்பத்தாவினால்.

சென்ற ஆண்டு எம் வீட்டில் கேபிளை நிறுத்தினோம். புதிய திரையில் அப்பத்தாவுக்கென்று பழைய படங்களையும் கிறிஸ்தவப் பாடல்களையும் எடுத்து வைத்தோம். அவர் இரண்டு நாள் பார்த்தார். பின்னர் ரிமோட்டைத் தொடவில்லை. முன்னர் அவர் நாடோறும் காலையில் முதற்காரியமாக உள்ளூர்ச் சேனலின் எண்ணை அழுத்துவார். அதன் அடியில் ஓடும் எழுத்துகளில் எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்த ஆலயத்தில் திருவிழாக் கொடியேற்றம், எந்தக் கடையில் ஆடித் தள்ளுபடி என்பன வரும். இடையே கண்ணீர் அஞ்சலி வரும். படமும், பெயரும், உடல் எடுக்கும் நேரமும் காட்டுவர். எழுத்தை மெல்லக் கூட்டிப் படிக்கும் அப்பத்தாவுக்கு அதுவே செய்தித்தாள். கேபிள் நின்ற மூன்றாம் மாதம், யாம் முன்னர்க் குடியிருந்த தெருவில் அவருடன் நாற்பது ஆண்டு பழகிய ஒரு மூதாட்டி இறந்தார். அச்செய்தி மூன்றாம் நாள் வேறொருவர் வாய்மொழியாய் வந்தது. அடக்கம் முடிந்திருந்தது. அப்பத்தா அன்று எவரையும் கடிந்துகொள்ளவில்லை. மாலையில் எம் தந்தையாரைப் பார்த்து, "ஏப்பா, எழவுச் சேதி வராத பொட்டிக்கா இம்புட்டுக் காசு?" என்று மட்டும் கேட்டார். எவரும் விடை கூறவில்லை.

அக்கேள்வியை நாம் எளிதிற் கடந்துசெல்லல் ஆகாது. உலகத்தார் எடுத்த படமெல்லாம் எம் கூடத்திற்கு வந்தன. எங்கள் தெருவின் செய்தி வரவில்லை. தளங்களை நடத்துவோர் உலகளாவிய வணிகர். எது கோடிப் பேரைக் கவருமோ அதனையே அவர்கள் நாடுவர். செல்லூரில் ஒருவர் இறந்ததும், அலங்காநல்லூரில் வாடிவாசல் கட்டத் தொடங்கியதும் அவர்களுக்குப் பொருளல்ல. கேபிள்காரருக்கோ அவையே பொருள். அவர் பிழைப்பது அத்தெருவில்; அவர் வீட்டுச் சாவுக்கும் அத்தெருவாரே வரவேண்டும்.

கேபிள் செய்த மற்றொரு நன்மையையும் கூறுதல் வேண்டும். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, வசதியுள்ள பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் கேட்டனர். கைப்பேசி இல்லாத, அல்லது இருக்கும் ஒன்றைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் வீட்டுப் பிள்ளைகள் என் செய்வர்? பள்ளிக்கல்வித் துறை 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அவர்களுக்குக் கைகொடுத்தது. அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் வகுப்புவாரியாகப் பாடங்கள் வந்தன. எவ்வளவு இணையம் மிச்சமுள்ளது என்று எண்ணாமல், கட்டைவிரல் அழுத்திப் படிக்கக்கூடிய வழி அது ஒன்றே. குறை பல இருந்தன எனினும், எல்லார் வீட்டுக்கும் சென்ற கம்பி அன்று பயன்பட்டது.

இவ்வாறு கூறுவதால் இணையத் திரையை இகழ்கின்றோம் என்று எண்ணற்க. அவ்வாண்டிலேயே மே 4 அன்று மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றி நடைபெற்றபோது, உலகெங்கும் உள்ள மதுரையார் இணையத்தின் வழியே அதனைக் கண்டனர். ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்த்தெழுந்த திருநாளில் ஆலயக் கதவுகள் அடைபட்டிருக்க, கிறிஸ்தவக் குடும்பங்கள் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து ஆராதனையில் கலந்துகொண்டன. சிங்கப்பூரிலிருக்கும் மகனும் மதுரையிலிருக்கும் தாயும் ஒரே வேளையில் ஒரே ஆராதனையைக் காணுதல் எந்தக் கேபிளுக்கும் இயலாத காரியம். செவி கேளாதார் அடியெழுத்தின் உதவியால் படம் காண்கின்றனர். தமிழ் பயிலும் நாங்களும் நூலகத்தில் கிட்டாத சொற்பொழிவுகளை யூடியூபில் கேட்டுப் பயன் பெறுகின்றோம். இரவு வேலை பார்ப்பவர் தம் ஓய்வு வேளையில் காண்கின்றார். நாடகம் தொடங்கிவிடும் என்று சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டிய நிலை எவர்க்கும் இல்லை.

ஆயினும் தனித்தனியே காணும் வசதி, தனித்தனியே காணும் பழக்கமாக மாறுவதனைக் காண்கின்றோம். முன்னர் ஒரு பெட்டி, ஒரு ரிமோட்; அதற்காகச் சண்டையும் உண்டு. அச்சண்டையில் தம்பி அப்பத்தாவின் நாடகத்தைப் பார்க்க நேர்ந்தது. அப்பத்தா தம்பியின் கிரிக்கெட்டைப் பார்க்க நேர்ந்தது. ஒருவர் சுவையை மற்றொருவர் பொறுத்துக்கொள்ளுதல் சிறிய பயிற்சி அன்று. இப்போது நால்வர் நான்கு மூலைகளில் நான்கு கைப்பேசிகளுடன் அமர்ந்திருக்கின்றோம். வீடு அமைதியாக இருக்கின்றது.

இனி, இம்மாற்றத்தால் கேபிள்காரர் அழிந்தொழிவார் என்று அஞ்சுவாரும் உளர். அவருட் பலர் அழியவில்லை, மாறிவருகின்றனர். முன்னர்ச் செப்புக் கம்பி இழுத்தவர் இப்போது ஒளியிழை இழுத்து, அதே தெருவில் இணைய இணைப்பு வழங்குகின்றார். கம்பம் ஏறும் கால்கள் அவையே. உள்ளூர்ச் சேனல் நடத்துவோருள்ளும் சிலர் தம் ஒளிபரப்பை யூடியூபிலும் இடுகின்றனர். ஆகவே புதிய வழியிலும் ஊர் தன் குரலை இழக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நாம் அதனைத் தேடிப் போகவேண்டும் என்பதே வேறுபாடு. கால்வாய் நீர் தானே வந்தது. கிணற்று நீரை நாமே இறைக்கவேண்டும்.

எனவே, கேபிளை நிறுத்த எண்ணுவோர் சில செய்க. முதலாவது, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எதனைப் பார்க்கின்றனர் என்று ஒரு வாரம் எழுதி வைத்துக்கொள்க. சிறப்பாக, எழுத்தறிவு குன்றியோரும் கண்பார்வை மங்கியோரும் காண்பதை எழுதுக. இரண்டாவது, எல்லாத் தளத்திற்கும் ஒருங்கே பணம் கட்டற்க. ஒரு மாதம் ஒன்று, மறு மாதம் மற்றொன்று எனப் பெறலாம். தளங்கள் தம்முள் இணைவதும் விலை மாற்றுவதும் உண்டு. ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒன்றாயின. மூன்றாவது, மாதக் கட்டணமே வேண்டாதார்க்கு 2004-இல் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் உண்டு. சேனல்கள் குறைவெனினும் டிடி தமிழ் அதில் வரும். நான்காவது, உள்ளூர்ச் சேனல் யூடியூபில் உள்ளதா என்று பார்த்து, உளதேல் அதனைத் திரையின் முதற்பக்கத்தில் முதியோர் கைக்கு எட்டுமாறு அமைத்து, இயக்கவும் பொறுமையுடன் கற்பிக்க. உள்ளூர்ச் சேனல் இணையத்தில் இல்லையேல், குறைந்த கட்டணத்துக் கேபிளைத் தொடர்தலே நன்று.

எம் வீட்டில் அப்பத்தாவின் கேள்விக்கு விடையாக யாம் செய்தது இதுவே. எங்கள் பகுதிச் சேனல் இணையத்தில் இல்லை. ஆதலால் உள்ளறையிலுள்ள பழைய பெட்டிக்குக் கேபிளை மீண்டும் வாங்கினோம். கம்பி இழுக்க வந்த கேபிள்காரர், "என்ன அப்பத்தா, திரும்ப வந்துட்டீங்களா?" என்றார். அப்பத்தா அவருக்கு மோர் கொடுத்தார். மறுநாட் காலை உள்ளறையில் மீண்டும் அந்த எழுத்துகள் ஓடின.

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவர் ஓர் உவமையாற் கற்பித்தார். புதியது வரும்போது நாமும் அவ்வாறே கணக்குப் பார்ப்போமாக. அக்கணக்கில் ரூபாயை ஒரு பத்தியிலும், வீட்டில் உள்ளோர் பெயர்களை மற்றொரு பத்தியிலும் எழுதுவோமாக. பெயர்களுள் ஒன்றேனும் விடுபடுமாயின், மிச்சம் எவ்வளவு வரினும் அக்கணக்குப் பிழையானதே.